மழைப்படத்தில் ஐந்து பேர்

பாலத்தின் மேல் ஐந்து பேரைச் செதுக்கி அனுப்பியிருந்தான் இசோகிச்சி. அச்சுக்காரன் கொண்டுவந்த சோதனைத் தாளில் நான்கு பேர்தான் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டான். பன்னிரண்டு நாளாக எடோ நகரத்தில் வெயில் என்று ஒன்று இல்லை. பலகைக் கூரையிலும் தெருச் சேற்றிலும் மரக்கதவிலும் மழை ஒரே சுருதியில் விழுந்துகொண்டே இருந்தது. தரைப்பாய் முழுக்க ஊறி, வீட்டில் எதை முகர்ந்தாலும் பூஞ்சை நெடிதான் வந்தது. உச்சிப் பொழுதிலேயே விளக்கேற்றி, அதன் முன்னால் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவையை வைத்து, குடுவை குவித்துத் தருகிற உள்ளங்கை அகல வெளிச்சத்தில்தான் பலகை செதுக்க வேண்டியிருந்தது. அந்த வெளிச்சத்தில் தாளைப் பிடித்து இன்னொரு முறை எண்ணினான். தலைக்கு மேல் பாயைக் கவிழ்த்துக்கொண்டு ஓடுகிறவன், குழந்தையை முதுகில் கட்டிய பெண், உடம்பு பிடித்துவிடும் குருடர், எல்லாருக்கும் பின்னால் கூன் விழுந்த யாத்திரைக் கிழவர். எல்லாருக்கும் முன்னால் ஓட வேண்டிய சுமைக்காரனைக் காணவில்லை.

எண்ணெய்த்தாளில் சுற்றி வந்திருந்த பலகையைப் பிரித்துப் பார்த்தான். சுமைக்காரன் இருந்த இடத்தில் செர்ரி மரப்பலகை வழித்து எடுத்தது போல் தாழ்ந்து கிடந்தது. உளி பட்டிருந்தால் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். இங்கே ஒரு தடமும் இல்லை, ஆற்றுக் கல்லைத் தடவுகிற மாதிரி இருந்தது. அந்த ஆளின் கெண்டைக்கால் தசைக்கு மட்டும் இசோகிச்சி ஒரு முழு நாள் செலவழித்திருந்தான்.

"இசோ அண்ணே, நான் மையைத் தடவி, தாளைப் போட்டுத் தேய்க்கிறவன்," என்றான் அச்சுக்காரன் குமாசோ. "பலகையில இல்லாத ஆளு தாள்ல எங்கேர்ந்து வருவான்?"

ஓவியர் வரைந்த தாளைக் காட்டி வாயடைக்கலாம் என்றால், அந்தத் தாள் உலகத்திலேயே இல்லை. மெல்லிய தாளில் வரைந்ததைப் பலகையில் முகம் கவிழ்த்து ஒட்டி, கோட்டோடு கோடாகத் தாளையும் சேர்த்து வெட்டுவதுதான் இந்தத் தொழில். பலகை முடிகிறபோது படம் தூளாகிக் குப்பைக்குப் போய்விடும். வரைந்த புண்ணியவானோ, கொடுத்த கையோடு மலைப்பாதை வழியே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டார், இலையுதிர் காலத்துக்கு முன்னால் திரும்ப மாட்டார். அச்சுக்குப் போன பலகையில் ஐந்து பேர் இருந்தார்கள் என்பதற்கு இசோகிச்சியின் ஞாபகம் மட்டும்தான் சாட்சி. செதுக்குகிறவன் ஞாபகத்தை யார் மதிக்கிறார்கள்?

வேறு படமாக இருந்தால் இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. இருபத்திரண்டு வருஷமாக ஓவியர்களின் பெயரைச் செதுக்கியிருக்கிறான், வெளியிடும் கடைகளின் முத்திரையைச் செதுக்கியிருக்கிறான், தணிக்கை அதிகாரியின் முத்திரையைக்கூடச் செதுக்கியிருக்கிறான். தன் பெயரை ஒரு தடவைகூடச் செதுக்கியதில்லை. இந்தப் படத்துக்குத்தான் கடைக்காரர் தோபெய் வாயைத் திறந்து சொன்னார், உன் மழைக்காகவே வாங்குவார்கள், ஓரத்தில் உன் பெயரையும் போட்டுக்கொள் என்று. மழைக்கென்றே தனிப்பலகை. முடி அகலத்தில் ஒவ்வொரு கோடாக மேட்டை நிறுத்தி, இரண்டு பக்கமும் மரத்தை எடுத்து, எண்ணூறு கோடு. எடோவில் இன்னொருவன் கை அப்படி ஓடாது. படத்தின் வலது கீழ்மூலையில் ஒரு சின்னப் பெட்டி போட்டு, அதற்குள் 'செதுக்கியது இசோ' என்று வெட்டி முடித்த அன்று இரவு அவனுக்குத் தூக்கமே வரவில்லை. கோடைத் தொடக்கத்தில் ஆற்றங்கரையில் நடக்கிற நதித் திறப்பு விழா அன்று படம் கடையில் தொங்க வேண்டும். அதற்கு எட்டு நாள்தான் இருந்தது.

குமாசோவை அனுப்பிவிட்டு, வெற்றிடத்தைச் சதுரமாகத் தோண்டி, அதற்குள் புதிய செர்ரிக் கட்டையை இறுக்கமாகப் பொருத்தி, சுமைக்காரனை ஞாபகத்திலிருந்து மறுபடி வரைந்து வெட்டத் தொடங்கினான். காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம், முன்னறையில், மனைவி ஒனுயி யாரிடமோ பேசிக்கொண்டிருப்பது கேட்டது. தாழ்ந்த, மரியாதையான குரல். கல்யாணத்துக்கு முன்னால் அவள் நெடுஞ்சாலை ஊர் ஒன்றில் சத்திரத்துப் பணிப்பெண்ணாக இருந்தவள். வழிப்போக்கர்களின் காலைக் கழுவிக் கழுவியே வளர்ந்தவள் என்று இசோகிச்சி அவளைச் சீண்டுவான். கழுவின காலில் ஒன்றுகூட உங்க காலைப் போல நாறினதில்லை என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

யார் என்று கதவைத் திறக்காமலே கேட்டான்.

மழைக்கு ஒதுங்கினவர், பாவம், சுமை தூக்குகிறவர், நீங்கள் உங்கள் வேலையைப் பாருங்கள் என்று பதில் வந்தது. மரத்தொட்டியில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு காலும், சற்றுப் பொறுத்து இன்னொரு காலும் தொட்டிக்குள் இறங்குகிற சத்தம். அவன் கெண்டைக்காலை வெட்டிக்கொண்டிருந்தான், அதனால் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

மறுநாள் மதியம் குமாசோ வந்தபோது, காலையில் அனுப்பியிருந்த பலகையோடும் புதுத் தாளோடும் முன்னறைக் கதவருகிலேயே நின்றுகொண்டான். உள்ளே வரச் சொன்னதற்கு, இருக்கட்டும் அண்ணே என்றான். தாளில் மூன்று பேர். புதிதாகப் பொருத்திய கட்டை மழமழவென்று வெறுமையாக இருந்தது. பாயைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியவனும் போயிருந்தான்.

இசோகிச்சிக்கு அழுகை வருகிற மாதிரி ஆத்திரம் வந்தது. அச்சுக் கூடத்தில் எவனோ விளையாடுகிறான் என்று கத்தினான். எதிர்த்தெருச் செதுக்குக்காரன் கின்சாவின் பெயரைக்கூட இழுத்தான். இந்தப் பலகைக்காகக் கின்சா நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிவது எல்லாருக்கும் தெரியும். குமாசோ மறுத்துப் பேசவில்லை, அதுதான் விசித்திரம். எதற்கெடுத்தாலும் எதிர்த்துப் பேசுகிறவன், பலகையை வாசல் படியில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டான். திரும்பும்போது கால் வழுக்கிச் சுவரைப் பிடித்தான்.

"முன்னறை ஏன் இப்படி ஈரமா கிடக்கு? கூரை ஒழுகுதா அண்ணி?" என்று கேட்டான்.

கூரை ஒழுகவில்லை. அவன் போனபின் இசோகிச்சி அண்ணாந்து பார்த்தான். விட்டங்கள் காய்ந்திருந்தன. வாசலுக்குள் மரத்தொட்டி இருந்தது, அதில் சேற்றுத் தண்ணீர். எடோவின் சேறு சாக்கடைக் கறுப்பு. இது செம்மண் கலந்து, மேலே ஊசி ஊசியாகத் தேவதாரு இலைகள் மிதந்தன. அந்த மரம் இருக்கிற மலை இங்கிருந்து மூன்று நாள் நடை. அறையில் நனைந்த வைக்கோல் நாறியது, மழையில் நின்ற மனிதர்களின் தலைமுடி நாறியது, நீண்ட தூரம் நடந்த துணியின் புளித்த வியர்வை நாறியது. சுவரோரம் பாயில் இரண்டு வட்டங்கள், ஆள் உட்காருகிற அகலத்தில், கறுத்து ஊறியிருந்தன. ஒவ்வொரு வட்டத்துக்கு முன்னாலும் ஒரு தேநீர்க் கிண்ணம் இருந்தது.

ஒனுயி கணப்புச் சட்டியில் கரியைத் தூண்டிக்கொண்டிருந்தாள். யாருக்கு இந்தக் கிண்ணம் என்று அவன் கேட்டபோது அவள் அவனுடைய கையைப் பிடித்து இழுத்தாள்.

"மூஞ்சிக்கு நேரா இப்படியா முறைச்சுப் பாப்பாங்க?" என்று கிசுகிசுத்தாள். "களைச்சுப் போயிருக்காங்க. ஒருத்தர் வாயே திறக்கல."

இசோகிச்சி சுவரைப் பார்த்தான். அங்கே சுவர்தான் இருந்தது. அவள் நெற்றியில் கை வைத்தான், சூடு இல்லை. அவள் கையைத் தட்டிவிட்டாள். வீட்டுக்கு வந்தவர்களுக்கு முன்னால் என்ன இது என்று அவளுக்குக் கோபம், வேலை கெட்டுக்கொண்டிருக்கும்போது இதென்ன கூத்து என்று அவனுக்குக் கோபம். காகிதக் கதவை வேண்டுமென்றே சத்தமாக இழுத்துச் சாத்திக்கொண்டு பலகை முன் உட்கார்ந்தான். இரண்டு கட்டைகளைப் பொருத்தினான். கத்தி சரியாக ஓடவில்லை. மழைச் சத்தத்துக்கு நடுவில் யாரோ சூடான தேநீரை உறிஞ்சிக் குடிப்பது கேட்டது. பிறகு வேறொருவர் உறிஞ்சுவது. வெகுநேரம் கழித்து, துணியைப் பிழிகிற சத்தம். தண்ணீர் சொட்டியது, நின்றது, மறுபடி சொட்டியது. ஒனுயி இருமும் சத்தம் அவனுக்குத் தெரியும், தும்மும் சத்தம் தெரியும், அவள் துணி பிழிந்தால் நடுவில் ஒரு முனகல் வரும். இது அவள் இல்லை.

எழுந்து போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தான். போகவில்லை. பயமாக இருந்தது, அதை ஒப்புக்கொள்ளவும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் நாள் பலகையை அச்சுக் கூடத்துக்கு அனுப்பவே இல்லை. காலையில் துணியை விலக்கியதும் குழந்தையைச் சுமந்த பெண் இல்லை. பாலத்தில் குருடரும் கிழவரும் மட்டும், அவர்களுக்கு முன்னால் நீண்ட வெறும் மரம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடைக்காரர் தோபெய் எண்ணெய்த்தாள் குடையோடு சந்துக்குள் வந்துவிட்டார். குமாசோ எல்லாவற்றையும் உளறியிருந்தான். தோபெய் நல்ல மனிதர்தான், ஆனால் குரலை உயர்த்தத் தேவையில்லாத ரகம். பலகையைப் பார்த்தார், இசோகிச்சியைப் பார்த்தார், வயசாகிறது இல்லையா என்றார். விழாவுக்கு இருநூறு தாள் வேண்டும். நாளைக் காலையில் ஐந்து பேரோடு பலகை வராவிட்டால், கின்சாவுக்கு ஆள் அனுப்பிவிடுவார். கின்சா புதிதாக வெட்டுவான். அப்போது மூலைப் பெட்டிக்குள் கின்சா பெயர்தான் இருக்கும், வேறென்ன செய்வது என்று கேட்டார்.

இசோகிச்சி கெஞ்சினான். படத்தில் ஏதோ கோளாறு இருக்கிறது முதலாளி, பழையபடி ஓவியர் வரைந்த மாதிரியே வைத்திருக்கலாம் என்று என்னமோ வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

தோபெய்க்கு அதுதான் பொறுக்கவில்லை.

"ஓவியர் வரைஞ்ச மாதிரியா? அவர் பாலத்துக்கு இந்தக் கரையில ஒரு குடிசை போட்டிருந்தாரு, திறந்த கதவோட. அதை எடுத்துடலாம் முதலாளி, மழை ஓரம் வரைக்கும் ஓடட்டும், என் பெட்டிக்கும் இடம் கிடைக்கும்னு சொன்னது யாரு? நானா?"

சொன்னது இசோகிச்சிதான். குடிசையை அவனே ஒரு மாலை நேரத்தில், அகல உளியால், பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வழித்து எடுத்தான். நன்றாக இருந்தது, மழை தடையில்லாமல் ஓரம் வரைக்கும் ஓடியது. அந்த ஐந்து பேரும் எதை நோக்கி ஓடுகிறார்கள் என்று அவன் அப்போது யோசிக்கவில்லை. படம் பார்க்கிற யாருமே யோசித்திருக்க மாட்டார்கள்.

தோபெய் போன பிறகு பலகையை எடுத்துக்கொண்டு விளக்கு முன் உட்கார்ந்தான். வெளியே பகல்தான். ஆனால் கதவின் காகிதம் சாம்பல் நிறத்திலிருந்து ஈயத்தின் நிறத்துக்குப் போயிருந்தது. குடுவைக்குள் விளக்கின் தலைகீழ்ச் சுடர் நடுங்கியது. அந்தப் பக்கம் முன்னறைப் பாயில் ஒரு கோல் தட்டியது. டொக். இடைவெளி. டொக். வழி தெரியாதவர் மெதுவாகச் சுவரைத் தேடிப் போய், கண்டுபிடித்து, முனகியபடி உட்காருகிறார். ஒனுயி வாங்க வாங்க என்கிறாள்.

குனிந்து பலகையைப் பார்த்தான். பாலத்தில் கிழவர் மட்டும். இமைத்துவிட்டுப் பார்த்தான். அப்போதும் கிழவர் இருந்தார். விளக்குத் திரியை உயர்த்தத் திரும்பினான், ஒரு நொடிதான். வெறும் பாலம். எட்டு அங்குல வெறும் பாலம்.

காகிதக் கதவை விலக்கினான். சுவரோரம் ஐந்து கிண்ணங்கள் வரிசையாக இருந்தன. ஐந்து ஈர வட்டங்கள். ஒன்றின் பக்கத்தில் இன்னொரு சின்ன வட்டம், குழந்தையை இறக்கி வைத்த அளவுக்கு. கிண்ணங்களில் ஆவி பறந்தது. ஒரு கிண்ணத்தில் தேநீர் குறைந்துகொண்டே வந்தது.

சின்ன வட்டம் இருந்த இடத்தில் ஒரு குழந்தை இருமியது.

அவனுக்கு எல்லாம் விளங்கியது, அதுதான் கொடுமை. அவர்கள் யாருக்கும் கெடுதல் செய்ய வரவில்லை. ஒதுங்க இடம் தேடி ஓடினார்கள். இடத்தை எடுத்தவன் வீட்டில் வந்து ஒதுங்கிவிட்டார்கள். மூலையைத் தோண்டி, கட்டை பொருத்தி, குடிசையை மறுபடி வெட்டிக் கொடுத்தால் போய்விடுவார்கள். ஒரு நாள் வேலை. ஆனால் அந்த மூலையில் இப்போது அவன் பெயர் இருந்தது. வேறு இடத்தில் குடிசை வைக்க முடியாது, வேறு இடத்தில் பெயர் வைக்கத் தோபெய் சம்மதிக்க மாட்டார். குடிசை அல்லது பெயர். இருபத்திரண்டு வருஷம் என்று நினைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அதை மட்டும் திரும்பத் திரும்ப நினைத்தான்.

வாசல் கதவை முழுவதும் திறந்துவிட்டான். மழை உள்ளே அடித்தது.

"எழுந்து போங்க," என்று சுவரைப் பார்த்துக் கத்தினான். "இது சத்திரம் இல்ல. என் பொழப்பைக் கெடுக்காதீங்க. உங்க இடத்துக்குப் போங்க."

ஒனுயி அவன் வாயைப் பொத்த வந்தாள். அவளைத் தள்ளினான். தொட்டியை உதைத்தான், செம்மண் தண்ணீர் பாய் முழுக்க ஓடியது. கிண்ணம் ஒன்றை எடுத்துச் சுவரில் எறிந்தான். அது சுவரைத் தொடவில்லை. ஏதோ மெத்தென்ற ஒன்றின் மேல் பட்டுக் கீழே விழுந்தது.

அறை அமைதியானது. மழை மட்டும்.

பிறகு வைக்கோல் சரசரத்தது. பாயில் ஈரக் காலடிகள் விழத் தொடங்கின, அகலக் காலடிகள், சுமை தூக்குகிறவனுடையவை. வாசலுக்குப் போயின. அடுத்தவை. அடுத்தவை. கோல் தட்டிக்கொண்டே போனது. கடைசியாக வெளியே, சந்தில், குழந்தை இருமியது. இன்னும் தள்ளி ஒரு முறை இருமியது.

ஒனுயி நின்ற இடத்திலேயே நின்றாள். அவன் முகத்தைப் புதிதாகப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"அந்தக் குழந்தை தலையில ஒரு துணிகூட இல்லைங்க," என்றாள். கொடியில் கிடந்த துண்டை இழுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல் மழைக்குள் ஓடினாள்.

அவன் பின்னால் போயிருக்க வேண்டும். போகவில்லை. உள்ளே ஓடிப் பலகையைப் பார்த்தான். ஐந்து பேர். சுமைக்காரனின் கெண்டைக்கால் முதல் கிழவரின் கூன் வரை, ஒரு முடிகூடக் குறையாமல். அவனுக்கு ஏற்பட்டது சந்தோஷம். அதை வேறு எந்தப் பெயரிலும் சொல்ல முடியாது. சாரல் பலகை வரை வந்துகொண்டிருந்ததால் வாசல் கதவைச் சாத்தினான். தாழும் போட்டான், அவர்கள் திரும்பி வந்துவிடக் கூடாது.

வந்தார்கள். அப்படித்தான் அவன் நினைத்தான். சற்று நேரத்தில் கதவு தட்டப்பட்டது. விரல் முட்டியால் அல்ல, விரித்த உள்ளங்கையால். பட். பட். மழை இரைச்சலில் குரல் எதுவும் தெளியவில்லை. பலகையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, விளக்குக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். விரலிடுக்கில் ஐந்து பேரையும் எண்ணிக்கொண்டே இருந்தான். பட். பட். ஐந்து. பட். ஐந்து. மெதுவாக அது குறைந்தது. நின்றது.

ஒனுயி தன் அக்கா வீட்டுக்குப் போயிருப்பாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கோபம் வந்தால் போகிற இடம் அதுதான்.

காலையில் பலகை அச்சுக் கூடத்துக்குப் போனது. குமாசோ ஐந்து பேரையும் எண்ணிப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் மை தடவ உட்கார்ந்தான். இசோகிச்சி ஆற்றைக் கடந்து அக்கா வீட்டுக்குப் போனான். அவள் அங்கே வரவில்லை. கோயிலில் கேட்டான், குளியல் கூடத்தில் கேட்டான். சந்து முனையில் வாளி செய்கிறவன் மட்டும் பார்த்திருந்தான். அந்த மழையில், தலைவிரிகோலமாக, முன்னால் யாருமே இல்லாத தெருவில் நில்லுங்க நில்லுங்க என்று கூப்பிட்டுக்கொண்டு பாலத்துப் பக்கம் ஓடினாளாம். அவள் திரும்பி வந்ததையும் பார்த்தேன் என்றான். உன் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றாளே, நீ வீட்டில் இல்லையா?

இசோகிச்சிக்கு அப்புறம் நடந்த நான்கு நாள் சரியாக ஞாபகம் இல்லை. ஆற்றோரம் முழுக்கத் தேடினான். படகுக்காரர்களிடம் அழுதான். ஊரில் எல்லாப் பெண்களும் பின்பக்கம் பார்த்தால் அவளைப் போலவே இருந்தார்கள். வீட்டில் பாய் காய்ந்துவிட்டது. தொட்டி கவிழ்ந்தபடியே கிடந்தது, அதை நிமிர்த்தி வைக்கக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

நதித் திறப்பு விழா அன்று வெயில் வந்தது. தெருவில் புழுதிகூடக் கிளம்பியது. தோபெயின் கடை வாசலில் கூட்டம். படங்களை மூங்கில் கவ்விகளால் கயிற்றில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தார்கள். இசோகிச்சியைக் கண்டதும் தோபெய் எழுந்தே வந்து தோளைத் தொட்டார். பாதித் தாள் போய்விட்டது என்றார். உன் பெயரைச் சொல்லிக் கேட்கிறார்கள் என்றார்.

"ஆனா மழையை விட எல்லாரையும் பிடிச்சு நிறுத்துறது அந்தக் கடைசிப் பொம்பளைதான்," என்றார். "குடை இல்ல, செருப்பு இல்ல, கையில ஒரு துண்டு. எனக்கு ஞாபகமே இல்லப்பா. ஓவியர் ஆறு பேரா வரைஞ்சிருந்தாரு?"

இசோகிச்சி கயிற்றின் முதல் தாளுக்குப் போனான்.

கிழவருக்குப் பின்னால், பாலம் தொடங்குகிற இடத்தில், அவள். உடை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. முடி அகலக் கோடுகள் அவள் முகத்தின் மேல் இடைவெளியே இல்லாமல் இறங்கின. அவன் வெட்டிய கோடுகள்.

ஒரே பலகை. ஒரே மாதிரிதான் இருக்க வேண்டும். இரண்டாவது தாளில் அவள் கிழவரைத் தாண்டியிருந்தாள். மூன்றாவதில் குருடருக்குப் பக்கத்தில். துண்டு குழந்தையின் தலையில் இருந்தது. நான்காவதில் அவள் பார்வை திரும்பியிருந்தது, வலது ஓரத்தைப் பார்த்து. ஐந்தாவதில் பாலத்தில் அவள் இல்லை. அவன் கண்ணைக் கீழே இறக்கினான்.

வலது கீழ்மூலை. மண்டியிட்டிருந்தாள். முதுகுதான் தெரிந்தது. இரண்டு உள்ளங்கையும் விரித்து, கதவில் வைக்கிற மாதிரி, அவன் பெயர் இருந்த பெட்டியின் மேல் வைத்திருந்தாள்.

யாரோ ஒருவர் அந்தத் தாளைத்தான் கேட்டார். தோபெய் கவ்வியைக் கழற்றிச் சுருட்டிக் கொடுத்தார், செதுக்கியவர் இவர்தான் என்று காட்டினார். அந்த மனிதர் இசோகிச்சியை மரியாதையாக வணங்கினார், இவ்வளவு நிஜமான மழையைப் பார்த்ததே இல்லை என்றார். சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெயிலில் நடந்தார். அதன் நுனியிலிருந்து புழுதியில் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டே போனது.

இசோகிச்சி கயிற்றைத் திரும்பிப் பார்த்தான்.

முதல் தாள். இரண்டாவது. மூன்றாவது. இப்போது எல்லாத் தாளிலும் அவள் மூலைக்கு வந்துவிட்டாள். காற்றே இல்லை. கயிற்றில் தொங்கிய அத்தனை தாள்களும், ஒரே நேரத்தில், பின்னாலிருந்து யாரோ உள்ளங்கையால் தட்டுவது போல் அதிர்ந்தன. பட். பட்.